மிலாறு ஆட்கள்

கவ்வாத்து வெட்டிய அன்றைக்கே தேயிலை மலைக்குள் போனால் ஒரு வாசனை வரும். பச்சையும் துவர்ப்புமாக, மூக்கில் பட்டாலும் நாக்கில் பட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும் அந்த வாசனை, நனைந்த மண்ணோடும் செடியிலிருந்து சுரண்டிப்போட்ட பாசியோடும் சேர்ந்து மலை முழுக்க ஏறி வரும். கொழுந்து வாசனையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தேத்தண்ணி வாசனையைப் பற்றிக் கடல் தாண்டியும் பேசுகிறார்களாம். வெட்டிப்போட்ட செடியின் வாசனையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன்.

தேயிலைச் செடியை அதன் பாட்டுக்கு விட்டால் மரமாகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க சில வருசத்துக்கு ஒரு தடவை ஆண்கள் வளைந்த கத்தியோடு மலைக்குள் இறங்கி, செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டி விழுந்த குச்சிக்கும் கிளைக்கும் பெயர் "மிலாறு". பின்னாலேயே பெண்களும் பிள்ளைகளும் போய் அதைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி வருவோம், வரிசையாகக் கட்டின எங்கள் லயத்து வீடுகளின் அடுப்புகள் எல்லாம் அதில்தான் எரிந்தன. ஆனால் மிலாறு மற்ற விறகு மாதிரி நேராக இருக்காது. வெட்ட வெட்ட முளைத்த செடி அல்லவா, வெட்டின இடத்தில் எல்லாம் ஒரு முண்டு இருக்கும், முண்டுக்குப் பக்கத்தில் ஒரு திரும்பல் இருக்கும். அடுப்பு எரிக்கிறவர்களுக்கு அது சொன்னபடி கேட்காத சனியன். எனக்கு அது முழங்கை, முழங்கால், தோள்பட்டை.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயசு இருக்கும். கட்டு கட்டுவதற்காகக் கையில் எடுத்த ஒரு குச்சியில், கூடை சுமந்து குனிந்து மேட்டில் ஏறுகிற ஒரு பொம்பளை இருந்தாள். நான் செய்யவில்லை, அவள் அப்படியே இருந்தாள். தலைதான் சரியில்லை. உடைந்த போத்தல் ஓட்டால் கொஞ்சம் சுரண்டினேன், கழுத்து வந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன், முக்காடு வந்தது. அவ்வளவுதான், அன்றைக்கு மாட்டிக்கொண்டேன்.

முதலில் லயத்துப் பிள்ளைகள் எல்லாருமே சேர்ந்துதான் விளையாடினோம். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானுக்கு ஓரமாகக் குச்சி ஆட்களை வரிசையாகக் குத்தி வைத்து, விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற "பெரட்டு" நடத்துவோம். ஒருத்தன் கங்காணி மாதிரி கத்துவான், ஒருத்தி துரைசாணி மாதிரி நடப்பாள். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? அவர்கள் கிட்டிப்புள்ளுக்கும் பந்துக்கும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. எனக்குப் பெரட்டு நடத்துவதில் ஆசை இல்லை, ஆட்களைச் செய்வதில்தான் ஆசை. ஒரு குச்சியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சில குச்சியில் யாரும் வர மாட்டார்கள், அதை அடுப்புக்குப் போட்டுவிடுவேன். சில குச்சியில் சட்டென்று ஒரு முதுகு தெரியும், முதுகு தெரிந்தால் அது யார் முதுகு என்றும் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. வேண்டுமென்று செய்ததில்லை, உண்மையாகவே கேட்காது. "இவ காதுக்குள்ளயும் மிலாறு அடைச்சிருக்கு போல" என்று அம்மா சொல்லும். பக்கத்துக் காம்பிராவில், சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் இருந்த செல்லாயி அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏன்டி தெய்வான, காலையில இருந்து அந்தக் குச்சியோட பேசிக்கிட்டு இருக்கியே, அது ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டு, நான் நிமிராததைப் பார்த்து, "பேசிடுச்சு போல, அதான் நம்மகிட்ட பேச மாட்டேங்குறா" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போவார். ஒரு தடவை கான் ஓரத்திலிருந்து எழுந்து வந்தபோது கணுக்காலில் இருந்து ரத்தம் வழிந்து பாதம் எல்லாம் சிவந்திருந்தது. அட்டை கடித்து, வயிறு நிறையக் குடித்து, தானாக விழுந்தும் போயிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா புகையிலையை மென்று கடிவாயில் வைத்துக் கட்டிவிட்டு, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை.

இந்தக் காது கேட்காத வியாதி எனக்கு மட்டும் வந்த கிறுக்கு என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளை குட்டி எல்லாம் ஆன பிறகு, கொழும்பிலிருந்து சித்திரம் வரைகிற ஒரு சிங்கள அம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்து எதிர் மலையை வரைந்துகொண்டிருந்தார். நான் கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் போனவள், அவர் காலில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அட்டைகள் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கை ஒரு கோட்டின் நடுவில் இருந்தது. நடுவில் நிறுத்தினால் அந்தக் கோடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கோடு முடிந்து கை தூக்கிய பிறகு, மடியில் வைத்திருந்த சவுக்காரத் துண்டைத் தடவி அட்டைகளைப் பிடுங்கினேன். "ஐயோ, இது எப்போது ஏறியது?" என்று சிங்களத்தில் கேட்டார். "நீங்க அந்த மலையில இருந்தப்ப ஏறுச்சு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு என் வியாதியின் பெயர் கிடைத்தது. பெயர் என்ன என்று கேட்காதீர்கள், அதை எழுத எனக்கு வராது. அது இருக்கிற ஆட்களைப் பார்த்தால் தெரிந்துகொள்வேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஆட்கள் பெருகிவிட்டார்கள். கானில் வைத்தால் மழை அடித்துக்கொண்டு போகும், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைத்தால் விறகோடு விறகாக யாராவது அடுப்பில் சொருகிவிடுவார்கள். அதனால் ஒரு பழைய சாக்கில் எல்லாரையும் போட்டு, அடுப்புக்கு மேலே இருந்த பரணில், கிழிந்த கம்பளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கீழே எரிகிற புகை ஏறி ஏறி அவர்கள் கறுத்துக் காய்ந்து, தட்டினால் டங்கென்று சத்தம் வருகிற மாதிரி ஆகிவிட்டார்கள். எங்கள் அம்மா கொழுந்து எடுக்கிற மலையில் வேலை செய்கிற அத்தனை பேரும் அந்தச் சாக்கில் இருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயிற்றை முன்னால் தள்ளி நிற்கிற கங்காணி இருந்தார். இடுப்பில் கை வைத்து வம்பு பேசுகிற செல்லாயி அத்தை இருந்தார். அந்த ஒரு பருவம் முழுவதும் நான் அவர்களுக்காகத்தான் கண் விழித்தேன் என்று சொன்னால் அது பொய் இல்லை.

அந்த ஆடி மாசம் மழை விடவே இல்லை. அட்டன் பக்கத்து ஆடி மழையில் நனைந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஒரு நாள் இஸ்தோப்புத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போக, அடுக்கி வைத்த விறகு மொத்தமும் ஊறிப்போனது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, லயம் முழுக்க அதே கதைதான். அம்மா அப்போது மாசமாக இருந்தது. இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் தேயிலை அரைக்கிற ஸ்டோரும் ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடை பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அப்பா ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குக் குறுக்கே மரம் போட்டு, ஸ்டோரிலிருந்து காய்ந்த விறகாவது கொண்டுவரலாம் என்று போய்விட்டார். வீட்டில் இருந்தது, லயத்தில் பிரசவம் பார்க்கிற மூக்காயி அக்காவும் செல்லாயி அத்தையும் நானும்.

தங்கச்சி அன்றைக்கு இருட்டுவதற்கு முன்னமே பிறந்துவிட்டாள். மாசம் முழுசாகாத பிள்ளை. ஒரு கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள், சரியாக அழவும் இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்தான் வந்தது. மூக்காயி அக்கா அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குளுந்து கெடக்கு. அடுப்ப அணைய விடாதீங்க. அவங்கப்பன் வர்ற வரைக்கும் எப்படியாவது எரியணும்" என்று சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், ஆனால் செல்லாயி அத்தை வம்பு பேசுவதை நிறுத்திவிட்டார். வீடு வீடாக ஓடி, இருந்த காய்ந்த சுள்ளியை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார். அதுவும் தீர்ந்தது. தன் வீட்டில் உட்காருகிற பலகையை உடைத்துக்கொண்டு வந்து போட்டார். அதுவும் கரியாகிக்கொண்டிருந்தது. ஊறிய மிலாற்றை வைத்தால் புகைதான் வந்தது, அந்தப் புகையும் பிள்ளைக்கு ஆகாது.

நான் பரணைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். கண் அங்கேதான் போனது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் தணல் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. பாயில் தங்கச்சி முனகுவதும் நின்று நின்று வந்தது. ஏணி கிடையாது, அம்மிக் கல்லில் ஏறிச் சாக்கைப் பிடித்து இழுத்தேன். அது கலகலவென்று தரையில் விழுந்து வாய் திறந்துகொண்டது.

"இதென்னடி இது?" என்று செல்லாயி அத்தை கேட்டார்.

"ஆளுங்க" என்றேன்.

அத்தை ஒன்றை எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "மூக்காயி அக்கா, இங்க பாருங்க. நம்ம கங்காணி" என்றார்.

"என்னடி ஒளர்ற?"

"வயித்தப் பாருங்க. அவரேதான். கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாரு."

மூக்காயி அக்கா பிள்ளையைச் சேலைக்குள் அணைத்தபடியே எட்டிப் பார்த்தார். "அப்ப அவர மொதல்ல வை. வருசம் பூரா நம்மள வேக வச்சவருதானே."

"வேகட்டும்" என்று அத்தை கங்காணியை அடுப்பில் வைத்தார். காய்ந்த மரம் டப்பென்று பிடித்துக்கொண்டது. அந்த வேளையிலும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சிரிக்க வைக்காதடி, புள்ளய வச்சிருக்கேன்" என்று மூக்காயி அக்கா திட்டினார்.

அப்போது பாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தெய்வான, நீயா எறக்குன?"

"ஆமாம்மா."

"பரணைக் கூட்டுறவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அங்க இருக்கிறது எனக்குத் தெரியும். வெறகு நனைஞ்ச அன்னிக்கே எடுத்துருக்கலாம். மனசு வரல."

விறகு நனைந்து எத்தனை நாளாக அம்மா ஈர மிலாற்றை ஊதி ஊதிக் கண் சிவந்து சோறு ஆக்கியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் நான் நிற்கவில்லை. ஒவ்வொருவராக நானே எடுத்து அடுப்பில் வைத்தேன். ஒவ்வொருத்தியையும் அத்தை பெயர் சொல்லி அடையாளம் கண்டுபிடித்தார், ஒருத்திகூடத் தப்பவில்லை. "இது மேட்டு லயத்துக் காத்தாயி. நடையப் பாரு, பொய்க்கோவம்." "இது யாரு, நம்ம ராமாயியா? அவளுக்கு முதுகு இவ்வளவு வளைஞ்சு போச்சா? பக்கத்துல நின்னு கொழுந்து எடுக்குறேன், நான் பார்க்கலையே." அத்தையே கையில் வந்தபோது மட்டும் அவர் பிடுங்கிக்கொண்டார். "நான் உசுரோட இருக்கையில என்னை நெருப்புல வைக்கிறியா? இடுப்பு வேற என்னமோ அண்டா மாதிரி பண்ணி வச்சிருக்கா" என்று அந்தக் குச்சியைத் தன் மடியில் சொருகிக்கொண்டார்.

இதற்குள் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் தேயிலை மரம் லேசில் உடைந்து சாம்பலாகிற மரம் இல்லை. உருவம் கலையாமல் தணலாகி நிற்கும். கூடை சுமந்தவள் கூடையோடு, குனிந்தவள் குனிந்தபடி, உள்ளுக்குள் விளக்கு வைத்த மாதிரி சிவப்பாக அடுப்புக்குள் நின்றார்கள். நான் சுரண்டிய இடம், சுரண்டாமல் விட்ட இடம் எல்லாம் தணலில் தனித்தனியாகத் தெரிந்தது. காத்தாயிக்குக் கழுத்தை இன்னும் மெலிதாக எடுத்திருக்கலாம், தோளை விட்டிருக்கலாம், கூடைக்காரிக்கு அந்த முண்டைத் தொட்டே இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்துக்கொண்டே அடுத்ததை வைத்தேன். வந்த அழுகை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மூக்காயி அக்கா என்னை ஏதோ கேட்டிருக்கிறார், நான் பதில் சொல்லவில்லையாம். அத்தைதான் பிறகு சொன்னார்.

சாக்கு காலியானது. அப்பா இன்னும் வரவில்லை. எரிந்த வெளிச்சம் திரும்பவும் தாழ்ந்துகொண்டு வந்தபோது, செல்லாயி அத்தை மடியிலிருந்து தன்னை எடுத்து ஒரு தடவை பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்க. இடுப்புதான் கொஞ்சம் பெருசு" என்றார். பிறகு, "போகட்டும். புள்ளைக்குக் கொஞ்சம் சூடு" என்று தன் கையாலேயே தன்னை அடுப்பில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை இல்லாத நெருப்புதான் அது.

அந்த நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே தங்கச்சி அழுதாள். முனகல் இல்லை, அழுகை. லயத்துக் கோடியில் இருந்த நாய்கூட எழுந்து குரைத்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா மழைக்குத் தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் விறகோடு வந்து சேர்ந்தார், விடிந்ததும் அம்மாவையும் பிள்ளையையும் கம்பளியில் சுற்றி ஓடையைக் கடத்திக் கொண்டுபோனார்கள்.

நான் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் என் பெருமை எரித்ததில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அடுத்த மலையில் கவ்வாத்து தொடங்கியபோது, மிலாறு கட்டோடு வந்த செல்லாயி அத்தை எங்கள் இஸ்தோப்பில் நின்று, கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி என் முன்னால் போட்டார். "இந்தா. இதுல இடுப்பு அளவாத்தான் இருக்கு, பாரு" என்றார். மறுநாள் காத்தாயி ஒன்று கொண்டுவந்தார். "இது ஆடு மாதிரி இல்ல?" என்று கேட்டார். இல்லை, அது ஆடு இல்லை, ஆனால் அவர் பார்த்திருந்தார். நாளெல்லாம் கங்காணி கத்தக் கத்தக் கொழுந்து எடுத்து, பாசி சுரண்டி, கால் கடுக்க நடந்து வந்த பொம்பளைகள், கட்டு கட்டும்போது ஒரு குச்சியைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார்கள். அந்த நிற்கிற நேரம் அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? அவர்களே எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு என்று நான் தனியாகச் செய்துகொண்டிருந்தது அன்றிலிருந்து லயத்துப் பொதுச் சொத்தாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், "விடு, ஆள் வந்துட்டாங்க போல" என்று அவர்களே போய்விடுவார்கள்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டுத் தனித்தனி வீடு கட்டியிருக்கிறார்கள், நல்லதுதான், மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும் என்று எத்தனை காலம் கேட்டோம். கான் ஓரமும் மண் நிரவி ரோடாகிவிட்டது. செல்லாயி அத்தையும் போய்விட்டார், மூக்காயி அக்காவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் கவ்வாத்து இப்போது மெஷினில்தான். அது உறுமிக்கொண்டு போனால் மிலாறு முனை சிதறிக் கிடக்கும், பொறுக்குகிறவர்களும் கிடையாது, எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. நான் கொட்டகலையில் மகன் வீட்டில் இருந்துகொண்டு இன்றைக்கும் ஆட்கள் செய்கிறேன். பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் வைக்கிறார்கள், வெளியூருக்கும் கொண்டுபோகிறார்கள். பார்க்க வருகிறவர்கள், "ஆரம்பத்துல செஞ்சது ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறாள் என்று சொல்வேன். உடப்புசல்லாவையில் இருக்கிறாள்.

என் தங்கச்சி சரசு அங்கேதான் வாக்கப்பட்டுப் போனாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, ஆனால் ஒரு இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவள். பேச்சு ஓயாது, கை ஓயாது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கூட, "அக்கா, அந்தக் கங்காணிய இன்னொருக்கா செஞ்சு காட்டு, நான் பார்க்கவே இல்லையே" என்று நச்சரிப்பாள். செய்து பார்த்திருக்கிறேன், வருவதில்லை. கை வேறு யாரிடமோ போய்விடுகிறது. போன வாரம் அவள் ஒரு சாக்கு நிறைய மிலாற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர்கள் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு மலையில் இன்னும் கத்தியால் வெட்டுகிறார்களாம். "ஆச்சி, கொட்டகலையில வெறகு இல்லையா?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "இது வெறகு இல்ல தம்பி, எங்க அக்காவோட ஆளுங்க. மேல மிதிச்சுடாத" என்று சொன்னாளாம். பஸ்ஸே சிரித்ததாம்.

அன்றைக்கு மருமகள் அடுப்பில் சோறு வைத்துவிட்டு, துணி காயப்போடப் போகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் சாக்கைக் கொட்டி ஒரு குச்சியை எடுத்தேன். சரசு பேசிக்கொண்டே இருந்தாள், நாத்தனார் கதை, ரோடு போட்ட கதை. அப்புறம் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. மருமகள் ஓடிவந்து கேஸை அணைத்து, சட்டியைத் தூக்கி வைத்த சத்தத்தில்தான் நிமிர்ந்தேன். வீடு முழுக்கச் சோறு அடிப்பிடித்த வாடை.

"ரெண்டு பேரு இங்கயே உக்காந்திருக்கீங்க, மூக்குல ஏறலையா? ஒரு கிறுக்கு பத்தாதுன்னு இப்ப ரெண்டா?" என்றாள் மருமகள்.

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் கையில் ஒரு வளைந்த குச்சி இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கமாகத் திருப்பி, பிறகு மறுபக்கமாகத் திருப்பினாள். நிமிரவில்லை.